லீவில் போன துரை

சனிக்கிழமை காலை மகளைக் கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்பு 7 வரைக்கும் ஓட்டோவில் கூட்டிப் போவது என் வேலை. சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் டென்னிஸ் பழகுகிறாள். செம்மண் கோட். வீட்டுக்கு வந்தால் சப்பாத்து, சொக்ஸ் எல்லாம் ஒரே நிறம், கழுவுகிறவனுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

போன மாதம் அப்பாவும் எங்களோடு வந்தார். ஹட்டனுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் பெக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வயதில் துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கியிருக்கிறார். அதனால் டென்னிஸைப் பற்றி அவருக்கு அபிப்பிராயங்கள் உண்டு. மகள் வலைக்குக் கிட்ட ஓடி வந்து நின்றதும், எதிர்ப்பக்கம் நின்ற பிள்ளை பந்தை அவள் தலைக்கு மேலே தூக்கி அடித்துவிட்டது. அப்பா சிரித்தார்.

"இது சோம்பேறி துரை அடிக்கிற அடி. எங்க கிளப்புல ஒரு தொந்தி துரை இருந்தாரு, ஓடவே மாட்டாரு. தூக்கித் தூக்கி அடிப்பாரு. பந்து தேயிலைக்குள்ள போயிடும். அட்டை கடிக்கிறது நமக்குத்தான்."

நான் விடவில்லை. அந்த அடியால் விம்பிள்டனையே ஜெயித்தவர் நம் மலையில் தோட்டம் பார்த்த ஒரு துரைதான் என்றேன். அப்பா நம்பாமல் பார்த்தார். சரி என்று பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடங்கினேன்.

விம்பிள்டன் 1877இல் தொடங்கியது. அதை நடத்தும் கிளப் முதலில் குரோக்கே, அதாவது மரச்சுத்தியலால் பந்தைத் தட்டி வளையத்துக்குள் விடும் விளையாட்டுக்காக உண்டானது. மட்டக்குதிரை இழுக்கும் புல்தரை உருளை பழுதாகிப்போக, அதைத் திருத்தக் காசு சேர்க்க ஒரு போட்டி வைத்தார்கள். 22 பேர் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தை ஏறக்குறைய 200 பேர் தலைக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்தார்கள். ஜெயித்தவர் ஸ்பென்ஸர் கோர். வலைக்குக் கிட்டவே நின்று, பந்து தரையைத் தொடமுன் அடித்துவிடுவது அவர் வித்தை. பந்து வலையைத் தாண்டி வருவதற்குக்கூடச் சில நேரம் அவர் காத்திருக்கவில்லை. அப்படி அடிக்கக் கூடாது என்ற விதி பிறகுதான் வந்தது.

அடுத்த வருஷம் இலங்கையிலிருந்து லீவில் போன ஃபிராங்க் ஹாடோ போட்டியில் சேர்ந்தார். வயது 23. இங்கே தோட்டத்துரை. தோட்டம் என்றதும் நமக்குத் தேயிலைதான் ஞாபகம் வரும், ஆனால் 1878இல் மலையில் ஆட்சி கோப்பிக்குத்தான். அந்தக் கோப்பியையும் 1869இலேயே இலைநோய் பிடித்திருந்தது. ஒரு பக்கம் செடி செத்துக்கொண்டிருக்க, துரை கப்பலேறிப் போய் வெள்ளை உடுப்பில் டென்னிஸ் ஆடியிருக்கிறார். எனக்கு இதில் கோபமா சிரிப்பா என்று இன்னும் தீர்மானமில்லை.

அப்போதைய ஒழுங்குப்படி முந்திய வருஷத்துச் சாம்பியன் மற்ற ஆட்டங்கள் எதுவும் ஆட வேண்டாம், கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வந்தால் போதும். (1922இல்தான் அதை நிறுத்தினார்கள்.) கோர் அப்படி ஓய்வாக வந்து, வழக்கம்போல வலைக்குப் பக்கத்தில் நின்றார். அந்தக் கால வலை நடுவில் தாழ்வு, இரண்டு ஓரத்திலும் கிட்டத்தட்ட 5 அடி உயரம். ஓரத்தால் பந்தை அனுப்புவது லேசில்லை, நடுவிலோ கோர் நிற்கிறார். ஹாடோ என்ன செய்தார்? பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். கோர் திரும்பி ஓட, அடுத்த பந்தும் அதே மாதிரி. 7-5, 6-1, 9-7 என்று மூன்று சுற்றும் (செட்) ஹாடோவுக்கே. அந்தப் போட்டி முழுவதிலும் ஹாடோ ஒரு செட்கூடத் தோற்கவில்லை.

"சோம்பேறி அடின்னு சொன்னேனே" என்றார் அப்பா. ஆனால் முகத்தில் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

அடுத்த வருஷம் பட்டத்தைக் காக்க அவர் போகவில்லை. பிறகும் அங்கே ஆடவில்லை. ஆடிய ஒரே விம்பிள்டனில் ஜெயித்து, தோல்வி என்பதே தெரியாமல் விட்டுவிட்ட மனுஷன்.

அப்பா கொஞ்ச நேரம் டென்னிஸ் கோட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு எத்தன மாசம் இருக்கும்?"

"கப்பல் பயணம் வேற இருக்கே. கிழமைக் கணக்கில் முடியாது."

"அவ்வளவு நாளும் தோட்டத்த யாரு பாத்தா? கங்காணிதான் பாத்திருப்பான்."

எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்ததும் அதே கோப்பிக் காலத்தில்தான். வழியில் விழுந்தவர்களின் கதையை அப்பாவின் பாட்டி சொல்லி அப்பா கேட்டிருக்கிறார். அவருக்கு 1878 என்றால் அதுதான் ஞாபகம் வரும், விம்பிள்டன் அல்ல.

பேச்சை மாற்ற மெடல் கதையைச் சொன்னேன். 1926இல் விம்பிள்டனின் பொன்விழாவுக்கு உயிரோடிருந்த பழைய சாம்பியன்களை அழைத்து மெடல் கொடுத்தார்கள். ஹாடோவும் போய் மேரி மகாராணி கையால் வாங்கினார். அப்போது அவருக்கு 71 வயது.

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சா?"

"ஆமாம்."

"பரவாயில்லயே. எனக்குச் சேவைக்காலப் பணம் குடுக்க பதினோரு வருஷந்தான் இழுத்தானுங்க."