லாச்சியில் இருப்பது யாருடைய காசு?

சாயங்காலம் சலூன் லாச்சியில், அதாவது காசு போடும் மேசை இழுப்பறையில், இருக்கும் காசு முழுவதும் கடைக்காரருடையது இல்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய சில்லறை அதில் கிடக்கும். அடுத்த மாதம் மணவறை ஏறப்போகும் ஒரு பெண்ணின் அட்வான்ஸ் கிடக்கும். வாடிக்கையாளர் கார்டில் சேர்த்துக் கொடுத்த டிப்ஸை அன்றைக்கே கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் கடையின் காசு. இலங்கையில், ஹட்டன் டவுனில் ஒரு சின்ன பார்லரை நடத்தும் நான், இந்த ஒரு விஷயத்தை எங்கள் அன்றாட வழக்கமாக்கியது எப்படி என்று எழுதுகிறேன். மலைநாட்டில் இப்போது நிறையப் பெண் பிள்ளைகள் அழகுக்கலை படித்துவிட்டுச் சொந்தமாகக் கடை போடுகிறார்கள். முடி வெட்டவும் மேக்கப் போடவும் சொல்லித்தரும் வகுப்புகளில் லாச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களுக்காகத்தான் இது.

கடை என் பெரியம்மா மகளுடையது. அவர் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனபோது, இந்தக் கடையிலேயே வேலை செய்துகொண்டிருந்த நான் 2023இல் பொறுப்பெடுத்தேன். அக்காவுக்கு எல்லாக் கணக்கும் மனதில் இருந்தது. லாச்சியில் கை வைப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் அது சரியாகவும் நடந்தது. என் நிலைமை வேறு. கல்யாண வேலைக்கு நான் விடியற்காலையில் நோர்வூட்டுக்கோ தலவாக்கலைக்கோ போய்விடுவேன். அன்றைக்குக் கடையில் பிள்ளைகள்தான் காசு வாங்குவார்கள். இரண்டு பேருடைய கை பட்டாலே மனக்கணக்கு நிற்காது. எழுத்து வேண்டும்.

வாங்கியது கணக்கு எழுத ஒரு தடித்த சீ.ஆர். புத்தகம், கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகம், ஒரு கட்டு என்வலப், பூட்டுள்ள சின்ன தகரப் பெட்டி. ஃபோனில் கணக்கு எழுதும் ஆப்பும் வைத்துப் பார்த்தோம். கையில் முடிக்குப் பூசும் டை இருக்கும்போது ஃபோனைத் தொட முடியாது, புத்தகத்தில் பக்கத்தில் இருப்பவர் எழுதிவிடலாம். அதனால் புத்தகமே நிலைத்தது.

முதலில் சில்லறை. காலையில் லாச்சியில் 5,000 ரூபா இருக்க வேண்டும், அதுவும் 20, 50, 100, 500 தாள்களாக. இது மலைநாட்டில் சின்ன விஷயம் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் போடுவது 10ஆம் திகதியை ஒட்டி. அந்த வாரம் டவுன் நிறைந்து வழியும், ஏ.டி.எம். வாசலில் வரிசை நிற்கும், புருவம் த்ரெடிங் செய்ய வருகிறவர் கையிலும் 5,000 ரூபாத் தாள்தான் இருக்கும். மிச்சக் காசு இல்லை என்று பக்கத்துக் கடைக்குப் பிள்ளையை ஓடவிட்டால், அந்த ஐந்து நிமிடத்தில்தான் கணக்குக் குழம்பும். அதனால் 8ஆம் திகதியளவில் வங்கிக்குப் போய் நூறு ரூபாக் கட்டு எடுத்து வைத்துக்கொள்கிறோம். 5,000 தாளை வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். தாளின் முன்பக்கத்தில் இருக்கும் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி நீர்க்குறியிலும் தெரிய வேண்டும். நம் மலைக்காடுகளில் வாழும் குருவிதான் அது. அப்புறம் வாங்கிய தாளை மிச்சக் காசு கொடுத்து முடியும்வரை லாச்சிக்கு மேலேயே வைக்க வேண்டும். “நான் தந்தது ஐயாயிரம்”, “இல்லை மிஸ், ஆயிரம்தான்” என்ற பேச்சு அதோடு நின்றது.

இரவுக் கணக்கை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். காலையில் இருந்தது 5,000. வேலைக்குக் காசாக வந்தது 23,400. ஒரு கல்யாண அட்வான்ஸ் 10,000. வெளியே போனவை: பூவுக்கு 3,200, கார்டில் வந்த டிப்ஸைப் பிள்ளைக்குக் காசாகக் கொடுத்தது 500, வீட்டுச் செலவுக்கு நான் எடுத்தது 2,000. அப்படியானால் லாச்சியில் 32,700 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்து அந்தத் தொகை வந்தால், 10,000 பெண்ணின் பெயர் எழுதிய என்வலப்புக்குள் போகும், 5,000 நாளைக்கு, மீதி 17,700 வங்கிக்கு. எண்ணுவது ஒருவர், எழுதுவது இன்னொருவர், இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் எடுத்த 2,000 ரூபாவையும் மற்றச் செலவு மாதிரியே எழுதுகிறேன். முதலாளி எழுதாமல் எடுக்கும் கடையில் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்பது நியாயமே இல்லை.

காசு குறைந்தால்? குறைந்தது என்று எழுதுவோம். சொந்தக் காசைப் போட்டு நிரப்பக் கூடாது, சம்பளத்திலும் கழிக்கக் கூடாது. கூடினாலும் அப்படித்தான், எழுதி வைக்க வேண்டும். கழிப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால் பிள்ளைகள் கூடிய நாளின் காசை ஒளித்துக் குறைந்த நாளுக்கு வைப்பார்கள், பிறகு அந்தப் புத்தகத்தில் உண்மை இருக்காது. பெரும்பாலும் குறைவு ஒரே இடத்தில்தான் அகப்படும். பால், தேயிலை, த்ரெடிங் நூல் என்று பில் இல்லாமல் வாங்கும் சின்னச் சாமான்களில்.

தெரிந்தவர்கள் கடன் சொல்வதும் உண்டு. “சம்பளம் போட்டதும் தந்துர்றேன்க்கா” என்பதை மறுக்க எனக்கு மனம் வராது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பெயர், திகதி, தொகை எழுதுகிறோம். கையில் வந்த நாளில்தான் அது வரவு.

டிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் தனியாக முடிவு செய்யவில்லை. கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். முடி வெட்டுகிறவருக்கு டிப்ஸ் கிடைக்கும், தலை கழுவி விடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. குளிர் மாதங்களில் நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்து நிற்பது அந்தச் சின்னப் பிள்ளைதான். “அக்கா, கையில தந்தத எப்படிப் பங்கு போடச் சொல்றது? அவங்க என்னைப் பார்த்துத்தானே தந்தாங்க” என்றார் மூத்தவர். அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் அவர்களே ஒரு முறைக்கு வந்தார்கள். கையில் கொடுத்தது கையில் வாங்கியவருக்கு. ஆனால் தலை கழுவி, டை பூசி, வெட்டி என்று இரண்டு பேர் செய்த வேலைக்கு வந்தால் பாதிப் பாதி. கல்யாண வீட்டில் வெற்றிலையில் வைத்துக் கொடுப்பது, போனவர்கள் எல்லோருக்கும் சமம். அங்கே தட்டை நீட்டும்போது வீட்டார் தலைமையாக நிற்கும் என்னிடம்தான் கொடுப்பார்கள், ஆனால் சாறி மடிப்பு எடுத்ததும் ஜடை பின்னியதும் வேறு கைகள். சாறி வைத்துக் கொடுத்தால் நான் வைத்துக்கொள்வேன், காசை வேனிலேயே எண்ணிப் பிரித்துவிடுவேன். அந்தக் காசில் என் பங்கை நான் எடுப்பதில்லை. வேலைக்கான கூலி எனக்கு பில்லில் வந்துவிடுகிறது.

கார்டிலோ க்யூஆரிலோ சேர்த்துக் கொடுக்கப்படும் டிப்ஸ் கடைக் கணக்குக்குப் போய்விடும். பில்லில் தனி வரியாக எழுதி, அன்று மாலையே முழுத் தொகையையும் லாச்சியிலிருந்து காசாகக் கொடுக்கிறோம். வங்கி பிடிக்கும் கமிஷனை அதில் கழிப்பதில்லை. சில கடைகளில் “டிப்ஸ் நல்லா வருது” என்று சொல்லியே சம்பளத்தைக் குறைவாகப் பேசுவார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) பிடிப்பது சம்பளத்தில்: பிள்ளையிடமிருந்து 8 சதவீதம், நம் பக்கத்திலிருந்து 12, அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3. சம்பளம் குறைந்தால் அந்தப் பிள்ளையின் பிற்காலச் சேமிப்பும் குறையும். டிப்ஸ் அதை ஈடுகட்டாது.

கார்ட் மெஷினில் கவனிக்க வேண்டியது, ராத்திரி செட்டில்மென்ட் (அன்றைய கார்ட் வரவை வங்கிக்கு முடித்து அனுப்புவது) எடுத்து அந்தத் துண்டைப் புத்தகத்தில் ஒட்டுவது. காசு உடனே வராது, கமிஷன் போகத்தான் வரும், இடையில் ஞாயிறோ, போயா என்ற பௌர்ணமி விடுமுறையோ விழுந்தால் இன்னும் தள்ளும். அதுவரை அது வங்கியிடம் இருக்கும் நம் காசு, லாச்சிக் கணக்கில் சேராது. கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்டி “கார்ட் என்றால் மூன்று சதவீதம் கூட” என்று கேட்பது சரியில்லை. அப்படி வாங்கக் கூடாது என்று மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. ஃபோனில் ஸ்கேன் செய்து காசு கொடுக்கும் லங்கா க்யூஆர் ஒட்டிய பிறகு இளம் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அதில்தான் கொடுக்கிறார்கள்.

வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புவதில்தான் விழிப்பு வேண்டும். ஃபோனில் காட்டும் சிலிப்பை நாங்கள் காசாக எடுத்துக்கொள்வதில்லை. நாளைய திகதி போட்டு அனுப்பினாலும் சிலிப் வரும், பழைய சிலிப்பைத் திருத்தியும் காட்டலாம். வங்கிகளுக்கிடையில் உடனடியாகக் காசு போகும் முறை இந்த நாட்டில் 2015இலிருந்து இருக்கிறது, அதனால் வரவேண்டிய காசு அநேகமாக அங்கேயே வந்துவிடும். கடை ஃபோனுக்கு வங்கியின் எஸ்.எம்.எஸ். வந்தால்தான் பில்லில் ‘கிடைத்தது’ என்று எழுதுவோம். மழை நாளில் சிக்னல் இல்லாமல் எஸ்.எம்.எஸ். தாமதித்தால், தெரிந்தவர்களுக்குக் கடன் பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம். “ஒரு டீ குடிங்க மிஸ், மெசேஜ் வந்துரும்” என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

இனி அட்வான்ஸ். தோட்டத்தில் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் 10,000 ரூபா அட்வான்ஸ் என்பது கொழுந்தெடுக்கும் ஒரு அம்மாவின் ஏழெட்டு நாள் உழைப்பாக இருந்தது. வேலை செய்து முடிக்கும்வரை அது அவருடைய காசு. என்வலப்பைத் தொடாமல் வைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் கடைக்கும் நட்டம் வரக்கூடாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனபோது, முன்பே பேசிய விலைக்கு மேக்கப் செய்ய அக்கா பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால் அட்வான்ஸை இரண்டாக எழுதுகிறோம். ஒன்று நாளைப் பிடித்து வைப்பதற்கு. மற்றது பொருள் வாங்குவதற்கு: நகை செட், பூ, அந்தப் பெண்ணின் நிறத்துக்கான ஃபவுண்டேஷன். பொருள் வாங்கினால் அந்தப் பில் என்வலப்புக்குள் போகும். கல்யாணம் நின்றால் நாளுக்கான காசு, ஒரு மாதத்துக்கு முன்னால் சொன்னால் முழுதாகத் திரும்பும், பிந்திச் சொன்னால் பாதி. பொருளுக்கான காசில், வாங்கியது போக மீதி எப்போதுமே திரும்பும்.

இன்னொரு முக்கியமான சட்டம்: காசு வந்த வழியிலேயே போக வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ, வெளிநாட்டில் இருக்கும் சித்தியோ வங்கியில் அட்வான்ஸ் போடுவார்கள். கல்யாணம் தள்ளிப்போனதும் வேறொரு மாமா வந்து காசாகக் கேட்பார். உறவுக்காரர்தான், பொய் சொல்ல வரவில்லை. ஆனாலும் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டு, அவருக்கு டீ கொடுத்து விளக்கிச் சொல்வேன். கார்டில் வாங்கியதை அன்றே செட்டில்மென்டுக்கு முன்னால் மெஷினிலேயே ரத்துச் செய்யலாம். பிந்தினால் வங்கி மூலம்தான், சில நாட்கள் எடுக்கும். கார்டில் வந்ததற்குக் காசு கொடுக்கவே கூடாது. நாளைக்கு வங்கியும் அதே தொகையைத் திருப்பினால் இரண்டு தடவை போய்விடும். காசாக வாங்கியதைப் பில்லில் பெயர் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம்.

இந்த முறை எல்லாம் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது சோதனைக்கு வந்தது. கார்த்திகை மாதம், கல்யாணங்கள் இருந்தன. நுவரெலியா, கண்டி, பதுளை எங்கும் மண் சரிந்து பாதைகள் மூடின. லயன்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளை விட்டுச் சனங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் “பிந்திச் சொன்னால் பாதி” என்ற வரியை யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது? பாதை திறந்து வந்தவர்களுக்கு என்வலப்பை எடுத்து அப்படியே கொடுத்தோம். வீடு போனவர்களுக்கு, வாங்கிய பொருளின் காசையும் சேர்த்துக் கொடுத்தேன், அது கடையின் நட்டம் என்று புத்தகத்தில் எழுதினோம். என்வலப்பில் காசு செலவாகாமல் இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. கரண்ட்டும் சிக்னலும் இல்லாத அந்த நாட்களில் எந்த ஆன்லைன் முறையும் உதவவில்லை.

நாளை மாற்றிக்கொண்டவர்களால் வேறு ஒரு சிக்கல் வந்தது. கார்த்திகையில் நின்றால் மார்கழியில் கல்யாணம் இல்லை. எல்லோரும் தைக்குப் போனார்கள், தையில் நல்ல முகூர்த்தம் சில நாட்கள்தான். ஒரே காலையில் இரண்டு பெண்கள் விழுந்த இடத்தில், முதலில் பில் எழுதியவருக்கு நான் போவது, மற்றவரிடம் உள்ளதைச் சொல்லி, விரும்பினால் கடையின் மூத்த பிள்ளையை அனுப்புவது, விருப்பமில்லை என்றால் முழு அட்வான்ஸையும் கொடுப்பது என்று செய்தோம். பில்லில் திகதியோடு நேரமும் எழுதியிருந்தது அங்கே உதவியது.

கடையில் செய்த வேலையில் குறை என்றால் முதலில் இலவசமாகத் திருத்தித் தருகிறோம், ஒரு கிழமைக்குள். திருத்த முடியாததற்குக் காசு. டைக்கு மட்டும் 48 மணித்தியாலத்துக்கு முன்பு காதுக்குப் பின்னால் சிறிது பூசிப் பார்க்காமல் கை வைப்பதில்லை, அவசரம் என்று எவ்வளவு கேட்டாலும். ஒவ்வாமை வந்த முகத்துக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து என்ன பயன்?

இப்போது புதிய பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். ஒசரி என்ற கண்டியச் சாறி உடுத்தும் சிங்களப் பெண்களும் எங்களிடம் வருவதால் தமிழிலும் சிங்களத்திலும். நாளுக்கான காசு, பொருளுக்கான காசு, டிப்ஸ் என்று தனித்தனிக் கட்டங்கள், எந்த வழியில் வந்தது என்பதற்கு ஒரு கட்டம். அடியில், பாதை மூடினாலோ வெள்ளம், மண்சரிவு வந்தாலோ நாள் மாற்றவும் முழுக் காசையும் திரும்ப வாங்கவும் பெண் வீட்டாருக்கு உரிமை உண்டு என்ற வரி.