தாத்தாவின் வால்தம்

ஜூன் 8, 2019, சனி

அம்மாவின் பீரோவை ஒழுங்குபடுத்தியபோது தாத்தாவின் சட்டைப்பைக் கடிகாரம் கிடைத்தது. ரங்கூன்–புரோம் ரயில் பாதையில் கார்டாக வேலை பார்த்தவர் தாத்தா. 1877இல் திறந்த அந்தப் பாதைதான் பர்மாவின் முதல் ரயில்பாதை. சாவி கொடுத்தேன். ஓடியது! முகம் மேலே பார்த்திருக்கும்வரை ஓடுகிறது, கவிழ்த்தால் நின்றுவிடுகிறது.

ஜூன் 11

நகரத்தில் ஒரு பெரிய கடை. பின்மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி இயந்திரம் பொருத்தி, கூட்டுக்கு பாலிஷும் போட்டுத் தருகிறார்களாம். கூட்டின் விளிம்பில் தாத்தாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் இருக்கிறது. அதையா பாலிஷ் போடுவது? கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 15

ரங்கூன் சூரத்தி பஜார் பக்கம், நடைபாதையில் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்து கடிகாரம் பழுதுபார்க்கும் பாயைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். அடிக்கடி மின்சாரம் போவதால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே வேலை. மழைக்குத் தார்ப்பாயை இழுத்துவிட்டு, மூடியைத் திருகிக் கழற்றினார்.

“கூட்டில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், தம்பி. கூடு ஒருவர் செய்தது, இயந்திரம் இன்னொருவர் செய்தது. இயந்திரத்தில் வெட்டியிருக்கும் எண்தான் வயதைச் சொல்லும்.”

வால்தம் கம்பெனியின் இயந்திரம், ஒரு கோடியே எழுபது லட்சத்தில் தொடங்கும் எண். 1908 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் செய்தது என்றார். தாத்தா பிறந்ததே 1912இல். அப்படியானால் அவர் கைக்கு வந்தபோதே அது பழைய கடிகாரம்தான். யார் கொடுத்தது, எங்கே வாங்கியது? கேட்டால் சொல்ல இன்று ஒருவரும் இல்லை. வீடு வரும்வரை இதே நினைப்பு.

பூதக்கண்ணாடியை என் கண்ணிலும் வைத்துக் காட்டினார். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை தலைமுடி கனம்தான் இருக்கும். அதன் ஒரு முனை அடிபட்டு, ஆணித்தலைபோல மழுங்கியிருந்தது. எப்போதோ கீழே விழுந்திருக்கிறது.

ஜூன் 22

பாயிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையச் செத்த இயந்திரங்கள். அதில் அதே ரக வால்தம் ஒன்று அகப்பட்டது. மற்றவர்கள் கையால் ஒவ்வொன்றாக இழைத்த காலத்திலேயே, ஒரு கடிகாரத்தின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும்படி மெஷின் வைத்துச் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. அதனால்தான் நூறு வருடம் கழித்தும் ரங்கூன் நடைபாதையில் அச்சு கிடைக்கிறது. ஆனாலும் அப்படியே மாட்டிவிட முடியாதாம், முனையைக் கொஞ்சம் தேய்த்துச் சரிபார்க்க வேண்டுமாம். பொறுமையாகச் செய்யட்டும்.

ஜூலை 6

பெட்ரோலில் கழுவி, புது எண்ணெய் இட்டு வைத்திருந்தார். மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு ஐந்து. தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கச் சொன்னார், நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்றவும் சொன்னார். அம்மா காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

இரவு மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஓடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் முந்தும்போலிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் பாய்.