உம்மம்மா படுத்திருந்த கூடாரத்தின் கீழே

ஜித்தா விமான நிலையத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஆனால் ஹஜ் பயணிகளுக்கான முனையத்தின் வெள்ளைக் கூடாரங்களை ஓடும் காரிலிருந்து பார்த்ததோடு சரி. 2023-இல் முதல் இஸ்லாமியக் கலை பியனாலே, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி, அங்கேதான், மேற்கு ஹஜ் முனையத்தில்தான் நடக்கிறது என்று தெரிந்ததும் போயே தீர வேண்டும் என்றாகிவிட்டது. கலைக்காகப் பாதி, அந்த இடத்துக்காகப் பாதி. எங்கள் உம்மம்மா, உம்மாவைப் பெற்றவர்கள், 1996-இல் ஹஜ்ஜுக்கு வந்தபோது, மக்கா பஸ்ஸுக்காக ஒரு ராத்திரி முழுக்க அந்தக் கூடாரத்தின் கீழேதான் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று குடும்பம், குழந்தைகளோடு பதினோரு பேர், ஒரே வேன். நாங்கள் கீழக்கரை, இன்னொரு குடும்பம் காயல்பட்டினம், அப்புறம் மாடி வீட்டு நாகர்கோவில் அக்கா. அக்கா கிறிஸ்தவர், இங்கே நர்ஸாக இருக்கிறார். "நானும் வரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், நாங்கள் முன்சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டோம்.

இறங்கியதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டோம். சுவரே இல்லாத அந்த முனையத்தில் மொத்தம் 210 கூடாரங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக்குச் சுமார் 45 மீட்டர். டெஃப்ளான் பூசிய கண்ணாடியிழைத் துணியை எஃகுக் கம்பிகளில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வெயிலின் பெரும்பகுதியைத் துணி திருப்பி அனுப்பிவிடும், சூடான காற்று உச்சியில் இருக்கும் வளையம் வழியாக மேலே போய்விடும். 1981-இல் திறந்த இந்த முனையத்துக்கு 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. இதன் பின்னால் இருந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், இன்றைய வங்காளதேசத்தில் பிறந்தவர், சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தை நிற்க வைத்த அதே மனிதர். 1982-இல் அவர் உயிர் பிரிந்ததும் இதே ஜித்தாவில்தான். வேனிலேயே இதைப் படித்துக் காட்டியிருந்தேன், அதனாலோ என்னவோ உள்ளே நுழையவே யாருக்கும் அவசரம் இல்லை.

முதல் பதிப்புக்கு 'அவ்வல் பைத்', அதாவது 'முதல் வீடு' என்று பெயர். உள்ளே கிப்லா (தொழும் திசை) என்ற பகுதி, வெளியே கூடாரத்தின் கீழ் ஹிஜ்ரா (இடப்பெயர்வு) என்ற பகுதி. கிப்லாவில் பல நாட்டுப் பாங்குகளை, தொழுகைக்கு அழைக்கும் ஓசைகளை, சேர்த்து ஜோ நாமி செய்திருந்த ஒலிப்படைப்பு இருந்தது. ஒரே வார்த்தைகள்தான், ஆனால் ஒவ்வொரு ஊரும் அதை ஒவ்வொரு விதமாக இழுக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளியின் பாங்கு இதில் எங்கே சேரும் என்று என் மனம் தேடிக்கொண்டே இருந்தது.

நான் அதிக நேரம் நின்றது இக்‌ஷான் ஆடம்ஸின் படைப்புக்கு முன்னால். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்காரர். அங்குள்ள குடும்பங்கள் தொழுது தொழுது தேய்த்த முஸல்லாக்களை, தொழுகை விரிப்புகளை, சேகரித்துக் கொண்டுவந்திருந்தார். காயல்பட்டினத்துப் பையன், ஏழு வயது, "இவ்வளவு பழசை ஏன் வச்சிருக்காங்க?" என்று கேட்டான். அவனுடைய மாமி குனிந்து, "இது நெத்தி பட்ட இடம், இது முட்டு பட்ட இடம், பாரு" என்று விரலால் காட்டினார்கள். அப்புறம் அவன் ஒவ்வொரு விரிப்பிலும் அந்த இடங்களைத் தேட ஆரம்பித்துவிட்டான். உம்மம்மாவின் பச்சை முஸல்லா இன்னமும் ஊர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. யாரும் விரிப்பதில்லை, யாருக்கும் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

ஹாரூன் கன்‌-சாலியும் தென்னாப்பிரிக்கர்தான். அவர் படைப்பில் நூற்றுக்கணக்கான தொழுகைத் தொப்பிகள் தொங்குகின்றன, கீழே தலைகள் இல்லை. அது இமாம் அப்துல்லாஹ் ஹாரூனின் ஜனாஸாவுக்கு, இறுதிச் சடங்குக்கு, வந்த கூட்டம். நிறவெறி அரசை எதிர்த்ததற்காக 123 நாள் காவலில் வைக்கப்பட்டு, 1969 செப்டம்பரில் அங்கேயே இறந்துபோனவர். படிக்கட்டில் விழுந்தார் என்று போலீஸ் சொன்னது. அடக்கத்துக்குச் சுமார் 40,000 பேர் வந்தார்கள். அன்று இரவே அந்தப் பகுதியில் பூமி அதிர்ந்தது. நாங்கள் பார்த்துவிட்டு வந்த அதே வருடம் அக்டோபரில், அவர் இறந்தது சித்திரவதையால்தான் என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 54 வருடம். செய்தியைப் படித்தபோது அந்தத் தொப்பிகள்தான் கண்முன்னே வந்தன.

எல்லாமே இப்படி உள்ளே இறங்கியது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் விளக்க அட்டையைப் படித்து முடித்த பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனித உடம்பு பட்ட பொருள்கள்தான், தேய்ந்தது, அழுக்கானது, இவைதான் என்னைப் பிடித்து நிறுத்தின.

மக்காவுக்கான மண்டபத்தில் கஅபாவைப் போர்த்தும் கிஸ்வா. கருப்புப் பட்டில் வெள்ளி இழையும் தங்க முலாம் பூசிய இழையும் புடைத்து நிற்கின்றன. நாங்கள் உம்ராவுக்குப் போகும்போது கூட்டத்தில் முண்டியடித்து ஒரு நொடி தொட்டால் உண்டு, அதன் தையலை நிதானமாகப் பார்த்ததே இல்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் மக்காவுக்குள் போக முடியாது என்பதால் நாகர்கோவில் அக்காவுக்கு இதுதான் முதல் தடவை. கைகளைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "நீங்க எல்லாரும் திரும்பி நிக்கிறது இதைப் பார்த்துத்தானா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

வெளியே வந்தபோது மஃரிப் நேரம், அந்தித் தொழுகை வேளை. கூடாரத் துணி முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு விளக்கு வெளிச்சத்தில் வெளுத்தது. கீழக்கரைக்கு வீடியோ கால் போட்டு போனை மேலே தூக்கிக் காட்டினேன். உம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தரையக் காட்டும்மா" என்றார்கள்.

காட்டினேன்.