ஜன்னல் பட்டிக்குக் கங்கு வைத்துப் பார்த்தேன்

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலையில் எங்கள் வீடு 1974இல் கட்டியது. கூரையை எங்களுக்கு முன் இருந்தவர்களே மாற்றிவிட்டார்கள். சுவர் ஸ்டக்கோ, அதாவது சிமென்ட் பூச்சு. மரத்தளம் போக, வெளியே மரம் என்று மிச்சமிருப்பது ஜன்னல், கதவுகளைச் சுற்றி அடித்த சீடார் பட்டிகளும் இறவாரத்தின் முகப்புப் பலகையும்தான். இங்கே ட்ரிம், ஃபேசியா என்பார்கள்.

2020 ஆகஸ்டில் மழையில்லாமல் மின்னல் மட்டும் இறங்கி, சி.இசட்.யூ. என்று பெயர் வைத்த காட்டுத்தீ கிளம்பியது. பிக் பேசின் ரெட்வுட் காடே எரிந்தது. நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வந்தபோது சமையலறை ஜன்னல் பட்டியின் மேல் கருகிய ரெட்வுட் இலைக் கொத்து ஒன்று கிடந்தது. ஆறிப்போய்த்தான் வந்து விழுந்திருக்கிறது. ஆறாமல் வந்திருந்தால்? அந்தக் கேள்விதான் நாலு வருஷம் கழித்து என்னை மரவாடிக்கு இழுத்துக்கொண்டு போனது.

கலிபோர்னியாவில் 2008 முதல் காட்டை ஒட்டிக் கட்டும் புது வீடுகளுக்குக் கட்டட விதியில் 7ஏ என்று தனி அத்தியாயம் இருந்தது, 2026இல்தான் அதைத் தனித் தொகுப்புக்கு மாற்றினார்கள். சுவர், கூரை, இறவாரம், காற்றுத் துளை எல்லாவற்றுக்கும் கண்டிப்பு. ஆனால் இறவாரத்தைப் பற்றிப் பேசும்போது முகப்புப் பலகைக்கும் அலங்காரப் பட்டிகளுக்கும் விலக்கு! விதி கேட்காததை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். இலைக் கொத்தை எடுத்துக் காட்டினேன், அதற்கப்புறம் கேட்கவில்லை.

முதலில் பெயின்டில் தப்பிக்கப் பார்த்தேன். சூடு பட்டால் நுரைத்து உப்புகிற பூச்சுகள் கடையில் கிடைக்கின்றன. 7ஏவைப் படித்தால், பெயின்ட், சாயம் போன்ற மேல்பூச்சு எதையும் பாதுகாப்பாக ஏற்க மாட்டோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற பூச்சை எத்தனை வருஷம் நம்புவது? விட்டுவிட்டேன்.

அடுத்து, தீயைத் தடுக்கும் மருந்தேற்றிய மரம். ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். "மாப்ள, நல்ல வைரம் பாஞ்ச தேக்குக்கு இந்த மருந்தெல்லாம் வேணுமா?" என்றார். வைரம் பாய்ந்த மரம் பற்றுவதற்கு நேரமெடுக்கும், உண்மைதான். இந்த ஊர்க்காரர்கள் ரெட்வுட்டைப் பற்றியும் இதே பெருமையைப் பேசுவார்கள். இங்கே தீ பரவும் வேகத்துக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். சிமென்ட் பலகைக்கு 0, சிவப்பு ஓக்குக்கு 100. ரெட்வுட்டும் சீடாரும் 70 பக்கம் நிற்கும். மருந்தேற்றிய மரம் 25க்குள் இருக்க வேண்டும், அதுவும் வழக்கமான 10 நிமிடம் போதாது, 30 நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும். மாமாவிடம் சொன்னேன். "70 ஒண்ணும் மோசமில்லையே" என்றார். தேர்வு மார்க் என்று நினைத்துவிட்டார்.

மருந்தேற்றிய மரத்தில்தான் முதல் அடி வாங்கினேன். மரவாடியில் "ஃபயர் ரிட்டார்டன்ட்" என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள், நானும் வண்டியில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து முத்திரையைப் படித்தால் அது உள்வேலைக்கான மரம். அதிலுள்ள உப்புகள் ஈரத்தை இழுக்கும், மழையில் கரைந்தும் போகும். வெளிவேலைக்கான மரத்தின் முத்திரையில் "எக்ஸ்டீரியர்" என்று தனியாக இருக்கும். அதை 12 வாரம் மாற்றி மாற்றி நனைத்துக் காயவைத்து, அதன் பிறகு நெருப்புச் சோதனை செய்கிறார்கள். விலை சாதாரணப் பலகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். திருப்பிக் கொடுத்து மாற்றி வந்தேன்.

பிப்ரவரியில், ரெண்டு நாள் மழை விட்ட ஒரு காலையில், சோதனை. வாசல் கான்கிரீட் தளம், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், காற்று இல்லை. கோடையில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பழைய பட்டியில் ஒரு துண்டையும் எரித்துப் பார்க்கத்தான் திட்டம். ஆனால் 1978க்கு முந்தைய வீடு என்பதால் ஈயம் இருக்கிறதா என்று பெயின்டை முதலில் சோதித்தேன். சோதனைக் குச்சி சிவந்துவிட்டது. ஈயப் பெயின்டை எரித்தால் ஈயம் புகையாக மூக்குக்குள் போகும். அதனால் புதுச் சீடார் வாங்கினேன். பழையதைக் கழற்றும்போதும் அறுக்காமல், தேய்க்காமல், பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நனைத்து நனைத்துத்தான் எடுத்தேன்.

பிளைவுட் துண்டின் மேல், ஜன்னல் மூலையில் இருப்பது போல இரண்டிரண்டு பட்டிகளை அடித்து, நடுவே 1/8 அங்குல இடுக்கு விட்டேன். பார்பெக்யூ கரிக் கங்கை மூலையில் வைத்து, தலை காயவைக்கும் ட்ரையரால் ஊதினேன். மனைவியின் ட்ரையர். இந்த வரியை அவள் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

சாதாரணச் சீடார் சீக்கிரமே கனிந்து சுடர் விட்டது. நானே இரண்டு நாள் போராக்ஸ், அதாவது வெங்காரக் கரைசலில் ஊறப்போட்ட சீடார் துண்டுகள் இரண்டு இருந்தன. கராஜில் வைத்திருந்தது நன்றாகவே தாங்கியது. நவம்பரிலிருந்து மழையில் கிடந்தது சாதாரணச் சீடார் மாதிரியே எரிந்தது. கைவைத்தியம் அங்கேயே முடிந்தது. மருந்தேற்றிய பட்டி கங்கு பட்ட இடத்தில் கருகியது, கங்கை எடுத்ததும் நின்றுவிட்டது. ஃபைபர் சிமென்ட், அதாவது நார் கலந்த சிமென்ட் பட்டியில் பெயின்ட் மட்டும் கொப்புளித்தது.

பட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை மாமாதான் உலுக்கினார். "மாப்ள, பின்னாடி பாருங்க, புகையுது." எரியாத ஃபைபர் சிமென்ட் ஜோடியின் இடுக்கில் விழுந்த சிறு கங்கு ஒன்று, பின்னாலிருந்த பிளைவுட்டைக் கனிய வைத்துக்கொண்டிருந்தது. எந்த மரம், எந்தப் பலகை என்று மூன்று மாதம் அலைந்திருக்கிறேன். கங்குக்கு வேண்டியது ஒரு இடுக்கு.

அதோடு திட்டமே மாறியது. தரைக்கும் மரத்தளத்துக்கும் பக்கத்திலுள்ள கதவுப் பட்டிகள் ஃபைபர் சிமென்ட். தரை மட்டத்திலிருந்து 6 அங்குலம் வரை மரமே கிடையாது, தகடு மட்டும். மேலே ஜன்னல்களுக்கு மருந்தேற்றிய மரம். இடுக்கெல்லாம் கால்க் என்கிற அடைப்புப் பசை வைத்து அடைப்பு. பிவிசி பட்டியை நான் யோசிக்கவே இல்லை. பூச்சி அரிக்காது, அழுகாது, சூடு பட்டால் நெளிந்து இடுக்கைத் திறந்துவிடும்.

இரண்டாவது அடி, ஜன்னலின் மேல் பட்டியில். பைன் ஊசி தங்காமல் வழுக்கி விழட்டும் என்று மேல் விளிம்பை நீளவாக்கில் சாய்வாக அறுத்தேன். அழகாக வந்தது. பிறகுதான் தயாரிப்பாளர் தாளைப் பிரித்தேன். குறுக்காக அறுக்கலாம், துளை போடலாம், நீளவாக்கில் கிழிக்கக் கூடாது. மருந்து நடுமரம் வரை ஒரே சீராக ஏறியிருக்காது, கிழித்தால் மருந்தில்லாத உள்மரம் வெளியே வந்துவிடும். மூன்று பலகை வீண். இப்போது அவை கராஜில் அலமாரித் தட்டு. சாய்வுக்குப் பதிலாகத் தகடு மடித்துப் போட்டேன், அதுவே ஊசியைத் தள்ளிவிடுகிறது.

ஆணி விஷயம் சுருக்கமாக: மருந்து சாதாரண ஆணியை அரிக்கும், ஸ்டெயின்லெஸ் அல்லது கனமாகத் துத்தநாகம் பூசியது வாங்குங்கள். ஃபைபர் சிமென்ட் அறுக்கும் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கேடு. மாமாவை உள்ளே அனுப்பிவிட்டு முகமூடியோடு வெட்டவெளியில்தான் அறுத்தேன்.

மே முடிவில் ஐந்து ஜன்னலும் இரண்டு கதவும் முடிந்தன. சமையலறை ஜன்னல் பாக்கி. அதன் மேல் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது, அத்தனையும் காய்ந்த புல். குஞ்சு பறக்கட்டும் என்று மனைவி ஏணியை எடுத்துக் கராஜில் வைத்துப் பூட்டிவிட்டாள்.