பயாப்ஸி நெகட்டிவ், ஆனாலும் ஆபரேஷன்

வரும் வாரம் அட்மிட் ஆகிறேன். "பயாப்ஸியில கேன்சர் இல்லைன்னு வந்துருச்சே அண்ணி, அப்புறம் எதுக்கு நெஞ்சுல கத்தி?" என்று கேட்கிற எல்லோருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

பித்தப்பைக் கல்லுக்காகப் போன இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் மாட்டியது இது. சி.டி.யில் வலது நுரையீரலின் மேல் மடலில் 18 மி.மீ. கட்டி, ஓரமெல்லாம் முள்முள்ளாக. காசநோய்க்கும் பிடித்த இடம் அது, புற்றுக்கும் பிடித்த இடம். எனக்கு இருமல்கூட இல்லை. புகை பிடித்ததில்லை, விறகடுப்புப் புகையைக் குடித்திருக்கிறேன். சின்ன வயதில் அப்பாவுக்கு டி.பி.; ஒரே அறையில்தான் எல்லோரும் படுப்போம்.

பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிந்தது. உடனே வீட்டில் அழுகை. ஆனால் அந்த ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை உறிஞ்சும் இடத்தை. புற்று செல்லும் உறிஞ்சும், டி.பி.யோடு மல்லுக்கட்டும் செல்லும் உறிஞ்சும். உலகத்து டி.பி. நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இருக்கிற நாட்டில் அந்தப் பளிச்சை மட்டும் நம்பி எதுவும் சொல்ல முடியாது என்றார் நெஞ்சக டாக்டர்.

அப்புறம் ஊசி பயாப்ஸி, அதாவது கட்டியில் ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பார்ப்பது. புற்று செல் தென்படவில்லை, வெறும் அழற்சி. டி.பி. கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் டெஸ்டும் நெகட்டிவ். ஒரு படி அரிசியில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் கல்லே இல்லை என்பது போலத்தான் இது. டி.பி. என்று வந்திருந்தாலாவது மாத்திரையோடு போயிருக்கும். "எதுக்கும் ஆறு மாசம் டி.பி. மாத்திரை போட்டுப் பாரேன்" என்றார் ஒன்றுவிட்ட அண்ணன். ஈரலைப் பதம் பார்க்கிற மாத்திரை, ஆதாரம் இல்லாமல். உள்ளே இருப்பது புற்றாக இருந்தால் அந்த ஆறு மாசமும் அதற்குத்தான் லாபம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி சி.டி. எடுக்கலாம் என்பதும் முறையான வழிதான். டாக்டரிடம் கேட்டேன்: "அப்பவும் அதே 18 இருந்தா என்னை விட்டுருவீங்களா?" விடமாட்டார்களாம். ரெண்டு வருஷம் வளராமல் இருந்தால்தான் நிம்மதியாம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின ராத்திரியை நினைத்துப் பார்த்தேன். என்னால் ஆகாது. பட்டாணியை விடச் சின்னதாக இருந்திருந்தாலோ, நுரையீரல் பலத்தைப் பார்க்கிற ஊதும் டெஸ்டில் தேறாமல் போயிருந்தாலோ காத்திருந்திருப்பேன். நன்றாகவே ஊதினேன்.

கேமரா வைத்து, சின்னத் துளைகள் வழியாகக் கட்டியைச் சுற்றி ஆப்பு மாதிரி வெட்டியெடுப்பார்கள். நான் மயக்கத்தில் இருக்கும்போதே அதை உறையவைத்துச் சீவிப் பார்ப்பார்கள். புற்று என்றால் அப்போதே மேல் மடலும் நிணநீர்க் கணுக்களும் போகும். வலது பக்கம் இன்னும் ரெண்டு மடல் மிச்சம். புற்று இல்லையென்றால் ஆப்பு வெட்டியதோடு முடிந்தது.

அந்தச் சீவலும் சில சமயம் உறுதியாகச் சொல்லாதாம். அப்படியானால் மடலைத் தொடாமல் மூடிவிடுங்கள், முழு ரிப்போர்ட் வரட்டும், வேண்டுமானால் மறுபடி படுக்கிறேன் என்று சர்ஜனிடம் சொல்லிவிட்டேன். சம்மதப் படிவத்தில் அதையும் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.