லேக் ட்ரவுட்டுக்காக பெங்களூர் அல்சூரில் ஆறு வாரம்

ஜூனில் யெல்லோநைஃபில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். கனடாவின் வடக்கே, கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் உள்ள ஊர். அங்கே ஃப்ளை தூண்டிலில் லேக் ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. முள்ளில் முடியும் நூலும் கட்டிச் செய்கிற பொய் இரைதான் ஃப்ளை. "ஏரியில பனி உடைஞ்ச கையோட வந்துடுடா, அப்புறம் மீன் கீழே போயிடும்" என்றார் அண்ணன். சுமார் 10 டிகிரித் தண்ணீர்தான் இந்த மீனுக்குப் பிடிக்கும். பனி உடைந்த புதிதில் ஏரி முழுக்கச் சில்லென்று இருப்பதால் கரையோரப் பாறைகளுக்கு வரும். மேல்தண்ணீர் சூடாக ஆக, ஆழத்துக்கு இறங்கிவிடும்.

முதலில் ஃப்ளை கட்டப் பழகினேன். சின்ன மீன் போலத் தெரிகிற க்ளவுசர் மின்னோ. அதற்கு மான்வால் முடி வேண்டும். நான் சிவாஜிநகர் கறிக்கடையில் ஆட்டு வால் முடி வாங்கி, ஷாம்பூ போட்டு அலசிக் காயவைத்தேன். ஜிகினா சிக்பேட்டையில் கிடைத்தது. கண்ணுக்கு, ஜன்னல் திரை இழுக்கிற உலோக மணிச் சங்கிலியிலிருந்து இரண்டு மணி. கட்டிய முதல் மூன்றையும் வாளித் தண்ணீரில் இழுத்துப் பார்த்தால் முள் கீழ்நோக்கியே இருந்தது. மணிகளை முள்தண்டின் அடிப்பக்கம் கட்டியிருக்கிறேன்! மேல்பக்கம் கட்டினால்தான் கனம் ஃப்ளையைப் புரட்டி முள்முனையை மேலே கொண்டுவரும், பாறையில் மாட்டாது. நாலாவது சரியாகப் புரண்டபோது அவ்வளவு சந்தோஷம்.

வீசுவதுதான் கஷ்டம். ஃப்ளைக்குத் தானாகப் பறக்கும் அளவு கனம் கிடையாது, தடித்த லைனின் (தூண்டில் நூலின்) கனம்தான் அதைக் கொண்டுபோகும். என் ராடு (தூண்டில் கோல்) எட்டாம் நம்பர் லைனுக்கானது, ஒன்பதடி நீளம். காலை ஆறு மணிக்கு மைதானத்தில், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசினேன். முதல் இரண்டு வாரமும் சாட்டை மாதிரி 'பளார்' என்று சத்தம். லைன் பின்னால் முழுசாக நீளும் முன்பே முன்னால் இழுத்துவிடுகிறேன். நிஜ ஃப்ளையாக இருந்தால் அறுந்தே போயிருக்கும். அப்புறம் மகள் பக்கவாட்டில் நின்று, லைன் நீண்டதும் "இப்போப்பா!" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தாள். சத்தம் நின்றது. 9 மீட்டரில் இருந்தவன் இப்போது 16 மீட்டர் போடுகிறேன். காற்றடித்தால் 12தான்.

மூழ்கும் லைன் இன்னும் பாக்கி. என்னுடையது வினாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் இறங்கும். இருபது எண்ணினால் 3 மீட்டர். ஆனால் ஆழத்தில் இருக்கிற லைனை அப்படியே தூக்கி வீச முடியாது, ஒரு ரோல் காஸ்ட் போட்டு, அதாவது லைனைப் பின்னால் வீசாமல் முன்னால் வளையமாக உருட்டிவிட்டு, மேலே கொண்டுவர வேண்டும். அதற்குத் தண்ணீரின் பிடிமானம் தேவை, புல்லில் வராது. ஞாயிறன்று ஓசூர்ப் பக்கம் நண்பரின் தோட்டக் குட்டைக்குப் போகிறேன்.

பெட்டியில் இப்போது பதினோரு ஃப்ளை. எல்லாவற்றிலும் முள்முனைக்குப் பக்கத்தில் பின்நோக்கி நிற்கும் சின்னக் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டேன். லேக் ட்ரவுட் மெதுவாக வளரும், ஐம்பது வருடம்கூட வாழும். பிடிப்பதைக் காயமில்லாமல் தண்ணீரிலேயே கழற்றிவிட வேண்டும்.