தட்டையான பை

காலையில் மண்டபம் ஸ்டேஷன். சென்னை ரயிலில் வந்திறங்கிய பையனிடம் டீக்கடைக்காரர் கேட்டார்.

"என்ன தம்பி, லீவா?"

"ஆமாண்ணே."

தோளில் லேப்டாப் பை தட்டையாகக் கிடந்தது. வேலை போனால் முதலில் திருப்பிக் கொடுப்பது லேப்டாப்பைத்தான்.

கொடுக்கும் முன் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (வரி பிடித்ததற்கான சான்று), ஆஃபர் லெட்டர் எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லாகின் போனபின் ஹெச்.ஆர். பின்னால் அலைய வேண்டும்.

ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்த கடிதம்) தேதியும், பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியும் ஒன்றா என்று பாருங்கள். புது கம்பெனி சரிபார்க்கும்போது இங்கேதான் சிக்கும். பழைய கம்பெனி தேதி போடாவிட்டால், கடைசிச் சந்தாவிலிருந்து 2 மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர் தளத்தில் உங்கள் யூ.ஏ.என். எண்ணோடு நுழைந்து நீங்களே போடலாம்.

5 வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படி சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆலும் வருடங்களாலும் பெருக்குங்கள். உரிமைப் பணம், கேட்டு வாங்குங்கள்.

ரெஸ்யூமே முதல் வரியில் 'உடனே சேரலாம்' என்று போடுங்கள். மற்றவர்களுக்கு 60, 90 நாள் நோட்டீஸ் இருக்கும். இப்போது உங்களிடம் இருக்கும் பெரிய பலம் அது.

தம்பி, அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. விசைப்படகுக்காரர். வருடா வருடம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாமலே வீட்டை ஓட்டியவர்.